எந்தக் கோயிலுக்கு டிரஸ்ட்?

கலிபோர்னியாவில் ஃபிரிமான்ட் ஊரில் சொந்த வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், மயிலாடுதுறையில் உள்ள தன் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னார்: "அம்மா, வீட்டுக்கு டிரஸ்ட் எழுதியாச்சும்மா." அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "நல்ல காரியம் பண்ணினேப்பா. எந்தக் கோயிலுக்கு?"

நண்பர் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்கு அந்தக் கேள்வியில் பிழை ஒன்றும் தெரியவில்லை. தமிழில் டிரஸ்ட் என்றால் அறக்கட்டளை. அறக்கட்டளை என்றால் எங்கோ யாருக்கோ சோறு, படிப்பு, விளக்கு. நண்பர் எழுதியதோ 'லிவிங் டிரஸ்ட்': தன் காலத்துக்குப் பின் வீடு மனைவிக்கும் மகளுக்கும் நீதிமன்ற வாசல் மிதிக்காமல் போய்ச்சேர ஒரு பத்திரம். அதை 'வாழும் அறக்கட்டளை' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் அறமும் இல்லை. வாழ்வது அதுவும் இல்லை.

கட்டளை என்றதும் இன்று உத்தரவுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் அளவு ஒளிந்திருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல். திருக்குறளிலேயே அது உண்டு. எழுத்தெண்ணிப் பாடும் செய்யுள் கட்டளைக் கலித்துறை: அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்ற பேர் உண்டு. இவ்வளவு, இப்படி, இதற்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டுவதுதான் கட்டளை. கோயிலுக்குள் போனபோதும் சொல் இந்தப் பொருளைக் கைவிடவில்லை. இந்த வயலின் வருமானம் அர்த்தசாமப் பூசைக்கு மட்டும், இந்தத் தோப்பு அன்னதானத்துக்கு மட்டும் என்று செலவை வரையறுத்து விட்ட சொத்து கட்டளை ஆயிற்று. திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று தனித்தனியே உண்டு. ஒரு கட்டளையை மடத்தின் சார்பில் பார்த்துக்கொள்பவர் கட்டளைத் தம்பிரான்.

டிரஸ்ட் என்ற சொல் இல்லாத காலத்திலும் அதன் பொருள் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிக்க ஆடு விட்ட செய்தி சலிக்கும் அளவுக்கு வரும். ஒரு விளக்குக்கு 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் அதற்கு ஈடாக 48 பசு, அல்லது 16 எருமை. இடையர் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயரைத்தான் நான் வியந்து வியந்து படிப்பேன்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு! ஆடு சாகத்தான் செய்யும். செத்ததற்குக் குட்டி ஈடாகும்; எண்ணிக்கை 96-ல் நிற்கும். முதல் அழியக்கூடாது, பலன் நிற்கக்கூடாது. கொடுத்தவருக்கு இனி ஆடு இல்லை. மேய்ப்பவர் கையில் ஆடு இருக்கிறது, விற்க உரிமை இல்லை. நெய் மூன்றாமவரான இறைவனுக்கு. ஒரே சொத்தைக் கொடுப்பவர், காப்பவர், துய்ப்பவர் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். டிரஸ்ட் என்ற அமைப்பின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதே எலும்பு வேறு காரணத்தால் முளைத்தது. அங்கே இடைக்காலத்தில் நிலத்தை உயில் மூலம் விட்டுச் செல்லப் பொதுச் சட்டம் இடம் தரவில்லை. வாரிசு சிறுவனாக இருந்தால் மேலாதிக்கப் பிரபு நிலத்தின் வருமானத்தைத் தின்றார். ஆகவே நிலக்காரர் உயிரோடிருக்கும்போதே நண்பர்கள் பெயருக்கு நிலத்தை மாற்றி, என் மனைவி மக்கள் பயன்பாட்டுக்காக வைத்திருங்கள் என்றார். 1224-ல் இங்கிலாந்துக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளுக்கும் இது கைகொடுத்தது. சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விரதத்தை முறிக்காமல், பிறர் பெயரில் இருந்த வீட்டில் குடியிருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு முதலில் வழங்கிய பேர் 'யூஸ்'. நண்பர் ஏமாற்றினால் பொதுச் சட்டம் கண்டுகொள்ளாது. மன்னரின் சான்சலர் மனச்சாட்சியின் பேரால் பிடித்து உலுக்குவார். வரவேண்டிய பணம் கைநழுவுவதைக் கண்ட எட்டாம் ஹென்றி 1536-ல் யூஸ்களை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். நிலக்காரர்கள் கொதித்தார்கள், 1540-ல் நிலத்துக்கு உயில் எழுத அனுமதி தர வேண்டியதாயிற்று. வழக்கறிஞர்கள் சும்மா இருப்பார்களா? யூஸின் மேல் இன்னொரு யூஸை அடுக்கினார்கள். நாளடைவில் அந்த இரண்டாவது அடுக்குக்கு நின்ற பெயர்தான் 'டிரஸ்ட்', நம்பிக்கை.

அந்தச் சொல் இங்கே வந்தபோது நாம் அறத்தைச் சேர்த்துவிட்டோம். கண்ணில் பட்ட டிரஸ்ட் எல்லாம் கோயில், சத்திரம், பள்ளிக்கூடம் என்று இருந்ததால் டிரஸ்டி தர்மகர்த்தா ஆனார், பிறகு அறங்காவலர் ஆனார். காந்தியின் டிரஸ்டிஷிப் கொள்கைகூடத் தமிழில் தர்மகர்த்தா முறைதான். இதில் வேடிக்கை, 1882-ம் ஆண்டுச் சட்டம். இந்திய அறக்கட்டளைகள் சட்டம் என்கிறோம். அதன் முதல் பிரிவே சமய, தரும நிறுவனங்களுக்கும் வக்ஃபுக்கும் இது பொருந்தாது என்று விலக்கிவிடுகிறது. அறத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்கான சட்டத்துக்கு அறத்தின் பெயர்! இலங்கைத் தமிழர் நம்பிக்கைப் பொறுப்பு, நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று சொல்லி இந்தக் குழப்பத்திலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள். எனக்கு அந்தச் சொற்கள்தான் பிடிக்கின்றன, நாக்குக்குக் கொஞ்சம் கனம் என்றாலும்.

சரி, 'லிவிங்'? லத்தீனில் இன்டர் வைவோஸ் என்பார்கள்: உயிரோடிருப்பவர்களுக்கிடையே. உயில் வழியாக, எழுதியவர் இறந்த பின் பிறக்கும் டிரஸ்ட் ஒருவகை. எழுதியவர் கண்ணெதிரே பிறப்பது இன்னொருவகை, அதுதான் லிவிங். உயிர் எழுதியவருடையது, டிரஸ்டினுடையது அல்ல. 'வாழ்நாளில் எழுதிய' என்று சொன்னால் போதும்.

அமெரிக்க வழக்கில் எழுதுபவரே காப்பவர், துய்ப்பவரும் அவரே. தன் வீட்டைத் தன்னிடமே தனக்காக ஒப்படைத்துக்கொள்கிறார். மனம் மாறினால் கலைத்துவிடலாம். கேட்டால் கேலிக்கூத்து மாதிரி இருக்கும். ஆனால் இறந்த மறுநாள்தான் பத்திரத்தின் வேலை தொடங்குகிறது: அடுத்த காப்பாளர் என்று அதில் பெயர் குறித்திருப்பவர் வீட்டைப் பொறுப்பேற்று உரியவரிடம் சேர்த்துவிடலாம். உயில் மட்டும் இருந்தால் புரொபேட். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும், மாதங்கள் ஓடும். கலிபோர்னியாவில் 10 லட்சம் டாலர் சொத்துக்குச் சட்டம் வகுத்த கணக்குப்படி வழக்கறிஞருக்கு 23,000 டாலர் வரை, உயிலை நிறைவேற்றுபவருக்கு அதே அளவு. வீட்டுக் கடனைக் கழிக்காமல் போடும் கணக்கு இது. 1965-ல் நார்மன் டேசி என்பவர், வழக்கறிஞர் அல்லாதவர், புரொபேட்டைத் தவிர்ப்பது எப்படி என்று நூல் எழுதினார். கிழித்தெடுத்து நிரப்பிக்கொள்ளும் படிவங்களோடு. நூல் அமோகமாக விற்றது. நியூயார்க் வழக்கறிஞர் சங்கம் ஒன்று, உரிமமில்லாமல் சட்டத்தொழில் செய்கிறார் என்று வழக்குப் போட்டது. 1967-ல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் டேசி வென்றார். லிவிங் டிரஸ்ட் நடுத்தர வீடுகளின் சமையலறை மேசைக்கு வந்ததில் அந்த நூலுக்குப் பங்கு உண்டு. வரி தப்பும், கடன்காரர் தொடமாட்டார் என்று சொல்லி விற்பவர்களும் கூடவே வந்தார்கள். நினைத்தால் கலைத்துவிடக்கூடிய டிரஸ்டுக்கு அந்த இரண்டு சக்தியும் கிடையாது.

நம் பதிவு அலுவலகத்தில் இதற்குப் பக்கத்தில் நிற்பது செட்டில்மெண்ட். ஆயுள் வரை தான் அனுபவித்து, பிறகு மகனுக்கு என்று எழுதுவது. அங்கே கொடுத்தது பெரும்பாலும் கொடுத்ததுதான்; நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயிலோ கடைசி மூச்சு வரை மாற்றலாம். லிவிங் டிரஸ்ட் செட்டில்மெண்டின் உடம்பில் உயிலின் மனத்தை வைத்த பிராணி.

இதையெல்லாம் நண்பரின் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? விடுமுறையில் மயிலாடுதுறை போயிருந்தபோது ஆட்டுக் கணக்கைத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கொடுப்பவன், மேய்ப்பவன், நெய் வாங்குபவன் மூன்றும் ஒருவனே என்றதற்குச் சிரித்தார். பிறகு மகனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஏம்ப்பா, ஆட்டை ஓட்டிவிட்டாச்சா?"

நண்பருக்கு விளங்கவில்லை. நான் வாங்கிப் பேசினேன். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது. வீட்டின் கிரயப் பதிவை டிரஸ்ட் காப்பாளர் என்ற நிலையில் தன் பெயருக்கு மாற்றி, கவுண்டி அலுவலகத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பத்திரத்தில் விளக்கு இருக்கும், பட்டியில் ஆடு இருக்காது.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "ஃபைல் மாடியில் இருக்கு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.