மெக்பெத்தும் வாயைத் திறக்காத நண்பனும்

எடின்பரோவில் நவம்பர் வந்தால் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வெளியே போகச் சோம்பல், ஆய்வேட்டைத் திறக்க மனசில்லை. போன சனிக்கிழமை ரூம்மேட்டோடு உட்கார்ந்து குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) பார்த்தேன். மெக்பெத் கதைதான், சாமுராய் காலத்து ஜப்பானில் நடக்கிறது. கடைசிக் காட்சியில் மிஃபூனேயைச் சுற்றி நிஜ அம்புகளையே விட்டார்கள் என்று சொன்னதும், ரூம்மேட் அந்த இடத்தை மட்டும் மூணு தடவை போடச் சொன்னான் :-)

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்புகளால் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதவி ஆசை வந்தால் ஆளோட சுயரூபம் தெரிஞ்சிடும் என்று பேச ஆரம்பித்தால் யாரும் முதலில் சொல்வது மெக்பெத்தைத்தான். நம்ம பம்மல் சம்பந்த முதலியார்கூட இதை 'மகபதி' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். சூனியக்காரிகள் வாக்கு, மனைவியின் தூண்டுதல், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கிழ ராஜா டங்கனைத் தூக்கத்தில் குத்திக் கொல்வது... கதை தெரியும்தானே.

ஆனால் நிஜ மெக்பெத் இந்த ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை, பதினேழு வருஷம் ஆண்டவர். நிஜ டங்கன் கிழவரும் இல்லை, கட்டிலில் சாகவும் இல்லை. 1039-ல் டர்ஹாம் முற்றுகையில் தோற்றுவிட்டு, அடுத்த வருஷம் மெக்பெத்தின் மோரே பகுதிக்குள் போனபோது அங்கேயே கொல்லப்பட்டார். 1050-ல் மெக்பெத் ரோமுக்கு யாத்திரை போய், ஏழைகளுக்கு விதை தூவுற மாதிரி காசை வாரி இறைத்ததாக அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது. நாட்டில் கலவர பயம் இருக்கிற ராஜா அவ்வளவு தூரம் கிளம்பிப் போவாரா? அவர் மனைவி பெயர் குரூக். கணவனும் மனைவியுமாக லோக் லீவன் துறவிகளுக்கு நிலம் கொடுத்த பதிவில் அந்தப் பெயர் வருகிறது. லேடி மெக்பெத் கையில் ரத்தக்கறை, குரூக் கையில் தானப் பத்திரம்!

இந்த மனுஷன் எப்படிக் கொடுங்கோலன் ஆனார்? ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து. அதில் மெக்பெத் முதல் பத்து வருஷம் நல்ல சட்டம் போட்டு நீதியாக ஆண்டார் என்றிருக்கிறது. அதை ஷேக்ஸ்பியர் கழற்றிவிட்டார். விருந்தாளி ராஜாவைப் படுக்கையில் கொல்லும் காட்சி, அதே நூலில் வேறொரு ராஜாவுக்கு நடந்தது. அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்.

முக்கியமான விஷயம் பாங்கோ. நாடகத்தில் இவர் மெக்பெத்தின் நல்ல நண்பர், அநியாயமாகக் கொல்லப்படுபவர். ஹாலின்ஷெட்டில் இதே பாங்கோ கொலைச் சதியில் கூட்டாளி! ஏன் மாற்றினார்? 1603-ல் இங்கிலாந்து அரியணை ஏறியவர் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ். பாங்கோ தன் மூதாதை என்று சொல்லிக்கொண்ட வம்சம் அவருடையது. ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் புரவலரும் அவரே. 1605-ல் அவரை வெடிமருந்து வைத்துக் கொல்லச் சதி நடந்து, ஊரே பயந்து கிடந்த நேரம். 1606 வாக்கில் நாடகம் வருகிறது. அதில் போய் 'உங்க பாட்டன் ராஜாவைக் கொல்லக் கூட நின்னவர்' என்று எழுத முடியுமா? அதிகார ஆசையைப் பற்றிய நாடகத்தையே அதிகாரம் திருத்தி எழுத வைத்திருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை, பாங்கோ என்று ஒருத்தர் இருந்ததே இல்லை, 1527-ல் வந்த ஒரு நூலின் கற்பனை என்பதுதான் இன்றைய வரலாற்றாசிரியர்கள் முடிவு.

ஆனாலும் ஷேக்ஸ்பியர் பாங்கோவை முழுசாக வெள்ளையடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மெக்பெத் தப்பு செய்துதான் பதவிக்கு வந்தான் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தனக்குத்தானே சொல்லியும் கொள்கிறார். வெளியே சொல்வதில்லை. ஏனென்றால் சூனியக்காரிகள் அவர் வாரிசுகளுக்கும் அரியணை உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். குரோசாவா பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அவர் படத்தில் பாங்கோவின் பெயர் மிகி. கொலையான பிரபுவின் சவப்பெட்டியோடு வருகிறவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவதே மிகிதான். கை கறைபடவில்லை, ஆனால் தன் மகன் அடுத்த வாரிசாவான் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

தூக்கம் போனது இங்கேதான். போன வருஷம் எங்கள் மாணவர் குழு ஒன்றில், தலைவராக ஆசைப்பட்ட ஒருவர், பொருளாளராக இருந்த என் நண்பன்மேல் கணக்கில் தப்பு என்று கிளப்பிவிட்டார். அந்தக் கணக்கை முந்தின நாள் நானும் அவனும் சமையலறையில் உட்கார்ந்து ரெண்டு தடவை கூட்டிப் பார்த்திருந்தோம். ஒரு பென்ஸ்கூட குறையவில்லை. கூட்டத்தில் அவன் என்னைப் பார்த்தான். நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் செயலாளர் நீதான் என்று எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தார்கள்.

இப்போது செயலாளர் நான்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் பண்ணினேன். எடுக்கலை. அந்தப் பழைய கணக்கு ஃபைலும் ரசீதுகளும் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கின்றன. வர்ற வியாழக்கிழமை பொதுக்குழு. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.