நீடித்த நாட்கள்: ஒரு வாக்குத்தத்தத்தின் முதல் பாதி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சின்னச் சபைகளில் ஒரு தாம்பாளம் வரும். அதில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். எடுத்ததில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்து வாக்குத்தத்தம். அப்படி எடுத்து, பிரேம் போட்டு, நம் காலனி வீடுகளில் அதிகம் மாட்டியிருக்கும் வசனங்களில் ஒன்று 91ஆம் சங்கீதத்தின் கடைசி வரி. என்னை நம்புகிறவனுக்கு நிறைவான ஆயுசைக் கொடுத்து, என் இரட்சிப்பையும் காட்டுவேன் என்று கடவுள் சொல்வதாக வரும் வரி.

ராசிபுரம் பக்கம் ஒரு காலனியில், 41 வயதில் இறந்துபோன ஒரு விசைத்தறித் தொழிலாளியின் கண்ணீர் அஞ்சலி பதாகையிலும் அதே வசனத்தைப் பார்த்தோம். யாரும் கேலிக்குப் போட்டதில்லை. "அவன் இரட்சிப்பைப் பார்த்துட்டான் சாமி" என்றார் அவருடைய அம்மா. அப்படியென்றால் முதல் பாதி என்ன ஆயிற்று என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த முதல் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

91ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். வேடன் வைத்த கண்ணி, இரவின் பயம், பகலில் பறக்கும் அம்பு, கொள்ளைநோய், சிங்கம், பாம்பு. எல்லாம் இந்த உலகத்து ஆபத்துகள். மோட்சத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. இரட்சிப்பு என்று தமிழில் வந்திருக்கும் அந்த எபிரேயச் சொல் யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்திலும் வருகிறது. பின்னால் பார்வோனின் தேர்ப்படை, முன்னால் கடல். நடுவில் தவிக்கும் ஜனங்களைப் பார்த்து, ஆண்டவரின் இரட்சிப்பை இன்று காண்பீர்கள் என்கிறார் மோசே. அந்த ஜனங்கள் யார்? எகிப்தில் செங்கல் அறுத்துக் கிடந்த கொத்தடிமைகள். பிடித்துப்போக வந்தவன் கையில் சிக்காமல் உயிரோடு தப்புவதற்குத்தான் அங்கே இரட்சிப்பு என்று பெயர். பின்னால் வந்த சபை மரபு அதை மரணத்துக்கு அப்பால் நகர்த்தியது. அந்த வாசிப்புக்கும் நெடிய வரலாறு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுவிசேஷத்தில் இதே சங்கீதத்தை மேற்கோள் காட்டி, கோபுரத்திலிருந்து குதி என்று இயேசுவிடம் சொல்வது சாத்தான். வசனத்தை யார், யாரிடம், எதற்குச் சொல்கிறார் என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் புத்தகம்தான்.

லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அதற்கு ஐம்பது வருஷம் கழித்து தாது வருஷப் பஞ்சம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் சுமார் 16 லட்சம். ஐந்தில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்குக் குறைந்துபோனார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் இதில் உண்டு. ஆனாலும் நிலமும் குதிரும் இல்லாத பண்ணையாள்தான் முதலில் விழுந்தான். மழை பொய்த்தால் பண்ணைக்காரன் நிறுத்துவது ஆளுக்கு அளக்கும் கூலித் தானியத்தை. சேரியில் பஞ்சம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நிவாரணக் கூலியைக் குறைக்க வந்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோ கூட இல்லை. இதில் உழைக்கிறவன் உயிர் நிற்காது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனின் ஆயுசு எத்தனை அவுன்ஸ் என்பதுதான் 1877இல் இரண்டு அதிகாரிகளுக்கு இடையே நடந்த வழக்கு. கார்னிஷ் வாதாடிய பிறகு கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அதே பஞ்சத்தில் வடக்கே ஓங்கோலில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். ஏனென்றால் அது நம் அருந்ததியர் வீடுகளில் இன்றும் பேசும் தெலுங்கோடு உறவுள்ள மாதிகா மக்களின் கதை. பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை எடுத்து அவர்களுக்கு வேலை கொடுத்தார். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, நிவாரணம் முடியும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. முடிந்த பிறகு, 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அப்படியும் பெயர் ஒட்டிக்கொண்டது: சோற்றுக் கிறிஸ்தவர்கள். எங்கள் கூட்டங்களில் இன்றைக்கும் யாராவது ஒருவர் எழுந்து இதைச் சொல்வார். நாங்கள் வெட்கப்படுவதில்லை. சோறு கேட்பது எப்படி மட்டமான வேண்டுதல் ஆகும்? சங்கீதக்காரன் கேட்பதும் சாகாமல் இருப்பதைத்தானே? களஞ்சியம் நிறைந்தவனுக்கு மட்டும்தான் ஆத்துமாவைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றத் தோன்றும்.

நாமக்கல் சமவெளியில் சேந்தமங்கலத்தில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வேலை செய்தது. அங்கிருந்து கொல்லிமலை ஏறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். வாழவந்தியில் தங்கினார்கள். பெயரிலேயே வாழ்வு இருக்கிற ஊர். 1929 ஜூனில் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. ஈவ்லின் 95 வயதுவரை இருந்து 1974இல் இறந்தார், கணவர் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். இருவருக்கும் ஒரே வேதம், ஒரே வாக்குத்தத்தம். விசுவாசத்தின் அளவு பார்த்து ஆயுசு வருவதில்லை. அவர்கள் உழைத்தது மலையாளிப் பழங்குடி மக்களிடையே, சேரிக்கதை வேறு. ஆனால் அவர்கள் எதிர்த்துப் போராடிய நரம்புச் சிலந்தி இரண்டுக்கும் பொது. காலிலிருந்து புழு வெளியே வரும் அந்த நோய், காலை நனைத்து இறங்கும் கிணற்றுத் தண்ணீரில் பரவும். கிணற்றுக்குச் சுவர் கட்டினால் போய்விடும். 2000இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஊர்க்கிணற்றில் சேந்த விடாமல் துரத்தப்பட்டு, குட்டையிலும் ஓடையிலும் மொண்டு குடித்த நம் பாட்டிமாருக்குத் தெரியும், ஆயுசு எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று.

பழைய வேதாகமத்தில் இரட்சிப்பு என்று இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் மீட்பு என்று இருக்கிறது. பழைய சொல்லே ஓசைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள் பெரியவர்கள். எங்களுக்கு மீட்புதான் பிடித்திருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். 1976 சட்டப்படி கொத்தடிமைகளை மீட்கிறோம். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிப்பட்டறைகளில் முதலாளி கொடுக்கும் முன்பணத்துக்குப் பெயர் பாக்கி. பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியை அடைத்துக் கூட்டிப்போனால் ஆள் மாறுவான், பாக்கி மாறாது. அந்த வசனத்தை மாட்டியிருக்கும் வீடுகளில் பாதியில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அரசு செய்தது. இரட்சிப்பு என்ற சொல்லின் வேர் ரட்சை, அதாவது பாதுகாப்பு. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் இஸ்லாமியர்களையும் சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துவாக இருக்கும் சக தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என 1985இல் வழக்கு தள்ளுபடி ஆனது. ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு இட ஒதுக்கீடு மட்டும் போவதில்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் போகிறது. அடிக்கிறவன் சபைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. இதை ஆராய 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள். இரண்டு வருஷம் கொடுத்து, போதாமல் அதற்கு மேலும் நீட்டினார்கள். நீடித்த நாட்கள் ஆணையத்துக்காவது கிடைத்தன.

ராசிபுரத்து வீட்டில் அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து ஒருவர் வந்து, பாக்கியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இறந்தவருக்கு இரண்டு பெயர். சபையில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. மகள் அடுத்த வருஷம் கல்லூரியில் சேரவேண்டியவள். இறப்புச் சான்றிதழுக்கு எந்தப் பெயரைக் கொடுப்பது என்று அந்த அம்மா எங்களைக் கேட்டார். ரேஷன் கார்டில் உள்ளதைக் கொடுங்கள் என்று சொன்னோம்.