ஜோசப் ஸ்மோல்வுட்டும் நியூபவுண்லாந்தின் இணைவும்

படையெடுப்புக்கு ஆற்றாது ஆட்சியுரிமையை இழந்த நாடுகள் பல. வாக்குச் சீட்டினால் அதனை விட்டுக்கொடுத்தவை மிகச் சில. கனடாவின் கீழ்க்கரையை அடுத்துள்ள நியூபவுண்லாந்து 1949 இல் அவ்வாறு கனடாவின் பத்தாவது மாகாணமாயிற்று. அதனை முன்னின்று நடாத்தியவர் ஜோசப் ஸ்மோல்வுட்.

1900 இற் பிறந்த இவர் பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கியவர். 1925 இற் புகையிரதப் பாதைத் தொழிலாளரைச் சங்கமாக்கத் தண்டவாளத்தின் வழியே தீவைக் கால்நடையாகக் கடந்தார். 1937 முதல் வானொலியிலே தீவின் பழங்கதைகளையும் பெருமைகளையும் நாள்தோறும் எடுத்துரைத்தார். நியூபவுண்லாந்தர் என்னும் பெருமிதத்தை வளர்த்த அக்குரலே பின்னர் அந்நாட்டின் தனிமையை முடித்துவைத்தது என்பது நோக்கற்பாலது.

அத்தனிமையும் முன்னரே குன்றியிருந்தது. கடன்சுமை தாங்காது 1934 இற் சட்டமன்றம் ஒழிந்து, ஆள்பதியும் ஆணையாளர் அறுவரும் ஆண்டனர். கரையோரச் சிற்றூர் மீனவனோ வணிகனிடம் வலையும் மாவும் கடனாகப் பெற்று, பிடித்த மீனை அவனுக்கே அளந்து, காசைக் கண்ணாற் காணாமலே ஆண்டைக் கழித்தான். இந்நிலையை உணராதார் ஸ்மோல்வுட்டின் வெற்றியை உணரார்.

1946 இற் கூடிய தேசிய மகாசபையின் 45 உறுப்பினருள் இவரும் ஒருவர். அதன் விவாதங்கள் வானொலியில் ஒலிபரப்பப்பட்டமையால், இவர் அவையை நோக்கியன்றி அடுப்படியில் அமர்ந்திருந்த தாய்மாரை நோக்கியே பேசினார் எனலாம். கனடாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதந்தோறும் 5 முதல் 8 டொலர் வரை குடும்பப்படி வழங்கப்பட்டது, அதுவும் காசாக. பீற்றர் காஷின் முதலியோர் நாட்டின் மானத்தை எடுத்துரைத்தனர். அவர் வாதம் இழிவானதன்று. ஆயினும் பசித்த வீட்டில் அது எடுபடவில்லை.

இணைப்பை வாக்கெடுப்பிற் சேர்ப்பதை மகாசபை 29 க்கு 16 என்ற வாக்குகளால் நிராகரித்தது. பிரித்தானிய அரசாங்கம் அதனைப் பொருட்படுத்தாது சேர்த்தது. இச்செயலின் நேர்மையை ஐயுறுவார்க்கு விடை கூறுதல் எளிதன்று. 1948 யூன் 3 இற் பொறுப்பாட்சிக்கு 69,400 வாக்குகளும் இணைப்புக்கு 64,066 வாக்குகளும் கிடைத்தன. எத்தரப்பும் அறுதிப் பெரும்பான்மை பெறவில்லை. யூலை 22 இல் நிகழ்ந்த இரண்டாம் வாக்கெடுப்பில் 78,323 க்கு 71,334 என இணைப்பு வென்றது. தலைநகரான சென்ற் ஜோன்சும் அதன் அயலும் எதிர்த்தன. தூரத்துச் சிற்றூர்களே அவருக்கு வெற்றியளித்தன.

1949 முதல் 1972 வரை ஸ்மோல்வுட் முதலமைச்சராயிருந்தார். பாதைகளும் பாடசாலைகளும் பல்கலைக்கழகமும் எழுந்தன. ஆயினும் சிதறிய ஊர்களுக்கெல்லாம் அவற்றை அளித்தல் இயலாதெனக் கருதிய அரசாங்கம், பணவுதவி நல்கி மக்களைப் பெரிய ஊர்களுக்குக் குடிபெயர்த்தது. 1954 முதல் 1975 வரை ஏறத்தாழ 300 ஊர்கள் வெறுமையாயின; 30,000 பேர் வரையிற் பெயர்ந்தனர். அவர்களுட் சிலர் தம் மரவீடுகளையே கடலில் மிதக்கவிட்டுப் படகுகளால் இழுத்துச் சென்றனர். எடுத்துச்செல்ல இயலாத கோவில்களும் கல்லறைகளும் அக்கரைகளிலேயே நின்றன.