பாட்டு எழுப்பிய கல்விக்கூடம்

வெள்ளி விழாவைச் 'சில்வர் ஜூபிலி' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த 'ஜூபிலி' என்னும் சொல்லுக்குப் பின்னால் அடிமைகளின் விடுதலை நிற்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. விவிலியத்தின் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம், ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டு என்று குறித்து, அவ்வாண்டில் நாடெங்கும் விடுதலை கூறப்பட வேண்டும் என்று விதிக்கிறது. அமெரிக்காவில் அடிமைத் தளையிலிருந்து மீண்ட மாணவர் சிலர் இச்சொல்லையே தம் இசைக்குழுவின் பெயராகக் கொண்டு, தம் கல்லூரியைப் பாட்டால் காத்தனர். அவர்கள் மேடையில் பாட விரும்பாத பாடல்களைப் பாடியே காத்தனர் என்பதுதான் அவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு சனவரியில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், கைவிடப்பட்ட இராணுவ மருத்துவக் கொட்டகைகளில் பிஸ்க் பள்ளி தொடங்கியது. பின்னர் அதுவே பிஸ்க் பல்கலைக்கழகமாயிற்று. அடிமைச் சந்தையில் துருப்பிடித்துக் கிடந்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துப் புத்தகம் வாங்கிய பள்ளி அது. ஆயினும் ஐந்தாண்டுக்குள் கடன் கழுத்தை நெரித்தது. கொட்டகைகள் இற்றுப்போயின. மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலையில், பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவரைத் திரட்டிக்கொண்டு 1871 அக்டோபர் 6-ஆம் நாள் வடமாநிலங்களுக்குப் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

முதலில் அவர்கள் பாடியவை வெள்ளையர் அவைகளில் வழங்கிய பாடல்கள். அவற்றைச் செம்மையாகவே பாடினர்; ஆனால் கூட்டமும் சேரவில்லை, பணமும் சேரவில்லை. பருத்திக் காட்டிலும், மறைவில் கூடிய வழிபாட்டிலும் தம் பெற்றோர் பாடிய அடிமைப் பாடல்களை அவர்கள் மேடைக்குக் கொண்டுவரத் தயங்கினர். அவை மறக்க வேண்டிய இருண்ட காலத்தை நினைவூட்டின என்றும், பெற்றோருக்குப் புனிதமாயிருந்தன என்றும் குழுவின் பியானோக் கலைஞர் எல்லா ஷெப்பர்டு பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். தயக்கத்திற்கு மற்றொரு காரணத்தையும் நாம் உணரலாம். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் 'மின்ஸ்ட்ரல்' கூத்துகள் அந்நாளில் ஊரெங்கும் நடந்தன. கறுப்பர் மேடையேறினால் அத்தகைய கோமாளித்தனத்தையே பலர் எதிர்பார்த்தனர். அவ்வவையின் முன் தாயின் கண்ணீரை எடுத்து வைப்பது எளிதா?

1871 நவம்பரில் ஒகையோ மாநிலத்து ஓபர்லின் நகரில் திருச்சபைப் பேராளர் கூட்டம் ஒன்றில் அவர்கள் மெல்லிய குரலில் அடிமைப் பாடலொன்றை எடுத்தனர். அவை கட்டுண்டது. அன்றிலிருந்து, மறைத்து வைத்த பாடல்களே அவர்களுடைய நிகழ்ச்சியின் உயிராயின. 'யூபிலிப் பாடகர்கள்' என்னும் பெயரும் அப்பயணத்தில்தான் அமைந்தது.

தயங்கிய பாட்டை ஒருமுறை பாடுவது வேறு. ஊர் ஊராக, இரவு தோறும் பாடுவது வேறு. விடுதிகள் நிறத்தைக் காட்டிக் கதவடைத்தன. குளிருக்கேற்ற உடையில்லை. எனினும் பயிற்சி தவறவில்லை. குரல்கள் பிசிறின்றி ஒன்றாயின. அதே வேளையில் ஓர் எல்லையையும் அவர்கள் வகுத்துக்கொண்டனர். பாட்டைப் பாடினர், கோமாளி வேடம் போடவில்லை. ஒழுங்கான உடையில் நிமிர்ந்து நின்று, தம் பெற்றோரின் துயரை மதிப்புடன் பாடினர்.

முதற் பயணத்திலேயே 20,000 டாலர் சேர்ந்தது. 1872-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையிலும், 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் பாடினர். அவர்கள் ஈட்டிய பணத்தில் எழுந்த 'யூபிலி மண்டபம்' 1876 சனவரி முதல் நாள் திறப்பு விழாக் கண்டது. அப்பாடகர்கள் தந்த விலையையும் மறைத்தலாகாது. ஓயாத பயணத்தில் உடல்நலம் குலைந்தோர் பலர். 1878-இல் களைப்புற்ற குழு கலைந்தது. ஆனால் மண்டபம் நின்றது. குழுவும் மீண்டும் தழைத்தது. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டிய அதன் இசைத்தொகுப்பு 2021-இல் கிராமி விருது பெற்றது.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. யூபிலிப் பாடகர்கள் இங்கிலாந்தில் பாடிய அதே 1873-ஆம் ஆண்டில் மகாத்மா ஜோதிராவ் புலே தமது 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பிஸ்கில் பயின்று 1888-இல் பட்டம் பெற்ற அறிஞர் டுபாய்ஸ், 1903-இல் வெளியிட்ட தம் நூலில் இத்துயரப் பாடல்களுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அந்த டுபாய்சுக்குத்தான் அண்ணல் அம்பேத்கர் 1946-இல் மடல் எழுதி, இரு மக்களின் நிலையிலுள்ள ஒப்புமையைச் சுட்டினார்.

நம் இளைஞருள் பறை, நையாண்டி மேளம், பேண்டு வாத்தியம், மெல்லிசை என்று இசையால் பிழைப்போர் உள்ளனர். விரும்பாத பாட்டை வாசிக்க நேருவது அவர்களுக்கு அன்றாடம். அவர்களுக்கு யாம் கூறுவது இதுவே. பறை முழக்குவது கலை. முழக்கியே தீர வேண்டும் என்று சாதியைக் காட்டி இடும் கட்டளை அடிமைத்தனம். அக்கட்டளையை மறுத்துப் பறையைக் கீழே வைத்த நம் முன்னோரும் மானம் காத்தவரே. ஆனால் நாமே இசைந்து, கூலி பேசி, அச்சாரம் வாங்கிய பின் வெறுப்பு மனத்தோடு நிற்க வேண்டும், கைக்கு இறங்கலாகாது. அரைமனத்து வாசிப்பால் இழிவது பாட்டன்று, வாசிப்பவன் பெயரே. நம் மக்களைப் பழிக்கும் பாட்டாயின், அச்சாரம் வாங்கும் முன்பே மறுத்துவிடுதல் வேண்டும். மேடையேறிய பின் முணுமுணுப்பதில் பயனில்லை.

யார் கட்டளைக்காக வாசிக்கிறோம், எதற்காக வாசிக்கிறோம், எந்த எல்லையோடு நிற்கிறோம் என்னும் மூன்றையும் தெளிந்தவன் எந்தப் பாட்டிலும் தாழ்வதில்லை. ஒன்பது மாணவர் தயங்கிய பாட்டில் ஒரு கல்விக்கூடம் பிழைத்தது. வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் சுவர்களும் நம் உழைப்பின் ஓசையால் உயரட்டும்!