இரண்டு வார்சாக்கள்

வார்சாவின் பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தில் நிற்கிறேன். சுற்றிலும் 17, 18ஆம் நூற்றாண்டுப் பாணி முகப்புகள். பெரும்பாலான வீடுகளுக்கு என் அப்பாவின் வயதுதான் இருக்கும்.

1944 எழுச்சி தோற்றபின் ஜெர்மானியர் எஞ்சிய நகரைத் தெருத்தெருவாகத் தீயிட்டும் வெடிவைத்தும் தகர்த்தனர். பழைய நகரில் 85 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. ஆனால் தாள்கள் தப்பின. தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கட்டடக் கலைஞர்கள் அளந்து வரைந்தவற்றைப் பியோத்ர்கூவ் நகர மடாலயமொன்றில் ஒளித்துக் காத்தார்கள். அந்த வரைபடங்களும் 1770களில் பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சிகளும் வழிகாட்ட, மறுபடி கட்டினார்கள். 1953இல் சதுக்கம் திறக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக ஏற்றது. அது பழமைக்குக் கிடைத்த மதிப்பல்ல, மீட்டெடுத்த உழைப்புக்குக் கிடைத்தது.

மேற்கே சிறிது தூரம் நடந்தால் முரானூவ். நாலு லட்சம் யூதர்களுக்கு மேல் அடைத்துவைக்கப்பட்ட கெட்டோவின் பகுதி. இங்கே பழைய தெருக்களை மீட்கவில்லை. இடிபாடுகளின் மேலேயே, அவற்றை அரைத்துச் செய்த கற்களாலேயே தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. அதனால்தான் பல கட்டடங்கள் மேட்டில் நிற்கின்றன. வாசலுக்குப் படியேற வேண்டும். மீவா தெருவில், 1943 எழுச்சியின்போது பதுங்கிடத்தில் இறந்த போராளிகளை எவரும் தோண்டி எடுக்கவில்லை. மண்மேடே அவர்களின் கல்லறை.

ஒரு நகரம் திரும்பி வர வரைபடம் மட்டும் போதாது. என் வீடு எங்கே என்று கேட்டு வர ஆளும் மிஞ்சியிருக்க வேண்டும். முரானூவுக்கு அப்படி வந்தவர்கள் மிகச் சிலரே.