ஜொகூர் ஆற்றில் எழுதப்பட்ட 1511

உலக வரலாற்றின் திருப்புமுனைகள் என்றதும் நமக்கெல்லாம் முதலில் எண்கள்தான் ஞாபகம் வரும். 1453, கான்ஸ்டாண்டிநோபிள். 1492, கொலம்பஸ். 1498, கோழிக்கோட்டில் வாஸ்கோ ட காமா. மலேசியாவில் படித்தவர்களுக்கு இந்த வரிசையில் கூடுதலாக ஒன்று உண்டு. 1511, மலாக்கா. இடைக்காலம் முடிந்து நவீன காலம் நம் கரையில் பீரங்கியோடு வந்து இறங்கிய வருடம்.

அந்த வருடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பெயர்கள் இரண்டு. ராஜா மெண்டெலியார், சி கித்தோல். மெண்டெலியார் என்பது நம்முடைய 'முதலியார்'தான். இன்றைக்கும் மலாய் அரசியல் மேடையில் ஒருவரைத் துரோகி என்று ஏச வேண்டுமானால் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றை எடுத்து வீசினால் போதும். விளக்கம் தேவைப்படாது. வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் நெளிவார்கள். ஒரு மாணவி என்னிடம் நேராகவே கேட்டாள். "அப்ப நம்ம ஆளுங்கதான் மலாக்காவ காட்டிக்கொடுத்தாங்களா?"

இதற்கு நம்மவர்கள் தயாராக வைத்திருக்கும் பதில் ராஜேந்திர சோழன். கடாரம் வென்றான், அதைப் பேசு, இதை விடு. எனக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. அவள் கேட்டது வணிகர்களைப் பற்றி. பதிலில் வருவதோ அரசன். கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டுமானால் மலாக்காவை விட்டு இந்தப் பக்கம், ஜொகூர் ஆற்றுக்கு வர வேண்டும். ஏனென்றால் மெண்டெலியார் கதை நமக்குக் கிடைக்கும் நூல் இங்கேதான் எழுதப்பட்டது. மலாக்கா விழுந்து 101 வருடம் கழித்து, 1612இல்.

செஜாரா மெலாயு என்கிற அந்த நூலை இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. படித்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான்: மெண்டெலியாரும் கித்தோலும் போர்த்துகீசியருக்கு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அல்புகெர்க் வந்து சேரும் முன்பே இரண்டு பேரும் கொல்லப்பட்டுவிடுகிறார்கள்.

கதை இப்படிப் போகிறது. மலாக்காவில் இரண்டு பெரிய கெலிங் வணிகர்கள், மெண்டெலியாரும் நயினா சூர தேவனும். ('கெலிங்' இன்று வசைச் சொல். அந்த நூலில் அது வெறும் ஊர்ப்பெயர், கலிங்கத்திலிருந்து வந்தது.) இருவருக்கும் வழக்கு. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் பெண்டாஹாரா, அதாவது முதலமைச்சர், துன் முத்தாஹிர். விசாரணைக்கு முந்தைய இரவு நயினா சூர தேவன் அவருக்குத் தங்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பெண்டாஹாரா வாங்கிக்கொள்கிறார். இது கித்தோலுக்குத் தெரியவருகிறது. கித்தோல் மெண்டெலியாருக்கு ஒரு காத்தி தங்கம் கடன்பட்டவன். நடுச்சாமத்தில் கடன்காரன் கதவைத் தட்டிச் சேதி சொல்கிறான், கடன் தள்ளுபடி. பயந்துபோன மெண்டெலியார் லக்சமானா கோஜா ஹசானிடம் போய்ப் பணத்தைக் கொட்டி, பெண்டாஹாரா அரியணைக்கே குறிவைக்கிறார் என்று சொல்லவைக்கிறார். சுல்தான் மாமூட் விசாரிக்கவில்லை. துன் முத்தாஹிருக்குத் துன் ஃபாத்திமா என்ற அழகான மகள் இருந்ததும், அவளைத் தன் கண்ணில் காட்டாமல் வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டதும் ஏற்கெனவே சுல்தான் மனசில் முள்ளாக இருந்தது. பெண்டாஹாரா குடும்பத்தோடு கொல்லப்படுகிறார். பிறகு உண்மை தெரிந்து மெண்டெலியார், கித்தோல் இருவருக்கும் மரண தண்டனை.

இந்தக் கதையில் லஞ்சம் கொடுத்தவர் உண்டு, வாங்கியவர் உண்டு, கோள் சொன்னவர் உண்டு. எல்லோருக்கும் மேலே, கேட்காமல் கொன்ற ஒரு ராஜா உண்டு. நூலாசிரியரின் விரல் அவரை நோக்கித்தான் நீள்கிறது என்பது என் வாசிப்பு. பாடப்புத்தகச் சுருக்கத்தில் அந்த விரல் மட்டும் எப்படியோ மடங்கிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. கொல்லப்பட்ட துன் முத்தாஹிர் யார்? அதே நூலின்படி, கெலிங் நாட்டுப் பஹிலி என்ற ஊரிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் பேரன். அது தமிழ் முஸ்லிம் வழி என்றுதான் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். துன் ஃபாத்திமாவைச் சுல்தான் பிறகு தானே மணந்துகொண்டார். அவள் அதற்கப்புறம் சிரிக்கவே இல்லை என்கிறது நூல். அவளுக்குப் பிறந்த அலாவுடின் ரியாயாட் ஷா ஜொகூரின் முதல் சுல்தான். ஆக, கோள் சொன்னவரும் கெலிங், கொலையுண்டவரும் கெலிங் வழி, ஜொகூர் அரசை நிறுவியவருக்கும் தாய்வழியில் அந்த ரத்தம். 'நம்ம ஆளுங்க' என்று யாரைச் சொல்வது?

சரி, அப்படியானால் போர்த்துகீசியருக்கு உதவிய தமிழரே இல்லையா? இருந்தார். ஆனால் அவர் வேறொருவர்.

1509 செப்டம்பரில் தியோகோ லோபஸ் த செக்கேரா மலாக்காவுக்கு வந்தார். உறவு கெட்டது, கப்பல்கள் தப்பி ஓடின, கரையில் இருந்த இருபது பேர் அளவில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ரூயி த அரௌஜோ. 1510 பிப்ரவரி 6 தேதியிட்டு அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதம் அல்புகெர்க் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரின் பலம் என்ன, பலவீனம் என்ன, எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கைதிகளுக்குச் சோறு போட்டு ஆதரித்தவர் ஓர் இந்து வணிகர். போர்த்துகீசிய ஆவணங்கள் அவரை நினா சட்டு என்கின்றன. நயினா செட்டியோ நயினார் ஏதோவோ, தமிழ்ப்பெயர் லத்தீன் எழுத்தில் நசுங்கிக் கிடக்கிறது. செஜாரா மெலாயுவின் துரோகக் கதையில் இவர் இல்லவே இல்லை. மலாய் நூலின் மெண்டெலியாரும் போர்த்துகீசிய ஆவணங்களின் நினா சட்டும் காலப்போக்கில் மக்கள் நினைவில் ஒன்றாகிப்போனார்கள். கோள் சொன்ன குற்றமும் எதிரிக்கு உதவிய குற்றமும் சேர்ந்து ஒரே தலையில் ஏறிவிட்டன.

1511 ஜூலை 1 அன்று அல்புகெர்க் பதினெட்டுக் கப்பல்கள் அளவில் வந்து நின்றார். ஜூலை 25 முதல் தாக்குதல், ஆகஸ்ட்டில் ஊர் விழுந்தது. சுல்தான் மூவார் பக்கம் ஓடினார். நினா சட்டு புது ஆட்சியில் பெண்டாஹாரா ஆனார், முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தலைவர். போர்த்துகல் அரசும் அவரும் ஆளுக்குப் பங்கு போட்டுக் கப்பல் அனுப்பினார்கள், பெகுவுக்கு, பழவேற்காட்டுக்கு. 1513இல் கடல்வழியாகச் சீனாவை அடைந்த முதல் போர்த்துகீசியர் என்று புத்தகங்கள் சொல்லும் ஜோர்ஜ் ஆல்வரஸின் பயணத்திலும் நினா சட்டுவின் முதலீடு இருந்தது. ஐரோப்பா சீனாவைக் 'கண்டுபிடித்த' பயணத்துக்கு ஒரு தமிழ் வணிகரின் பணம்!

அவர் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தார்? மலாக்காவில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள், துறைமுக அதிகாரிகள். குஜராத்திகளுக்கென்றே ஒருவர். கெலிங், வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒருவர். குஜராத்திகளின் செல்வாக்கு அந்த ஏற்பாட்டிலேயே தெரிகிறது. சோழமண்டலத் துணியை விற்று மிளகும் கிராம்பும் வாங்கும் ஒருவருக்குப் போட்டியாளன் குஜராத்தி, தொல்லை அரண்மனை. புதிதாக வந்த வெள்ளைக்காரன் வெறும் இன்னொரு வாடிக்கையாளன். ஐந்நூறு வருடம் கழித்து வரப்போகிற 'காலனியாதிக்கம்' என்ற சொல்லை வைத்து அவரை நிறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கணக்குப் போட்டார். கொஞ்ச காலம் கணக்கு சரியாகவும் வந்தது.

1514இல் புதிய தளபதி வந்தார். பெண்டாஹாரா பதவியை நினா சட்டுவிடமிருந்து பிடுங்கிக் கம்பார் ராஜாவிடம் கொடுத்தார்கள். நினா சட்டு சந்தனக் கட்டையும் அகிலும் அடுக்கிச் சிதை மூட்டி, ஊர் பார்க்க அதில் ஏறினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பதவிக்கு வந்த கம்பார் ராஜாவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அடுத்த வருடமே துரோகப் பழி சுமத்திக் கொன்றார்கள்.

அந்தத் திருப்புமுனையும்கூட நாம் நினைக்கிற அளவு திரும்பவில்லை. ஊரைப் பிடித்தார்களே தவிர வணிகத்தைப் பிடிக்கவில்லை. முஸ்லிம் வணிகர்கள் அச்சேவுக்கும் பந்தானுக்கும் ஜொகூருக்கும் சிதறினார்கள். சுல்தான் மாமூட் பிந்தானில் ஊன்றினார், 1526இல் அது எரிக்கப்பட்டது, 1528இல் கம்பாரில் இறந்தார். மகன் ஜொகூர் ஆற்றங்கரைக்கு வந்தார். ஜொகூர் லாமாவில் கோட்டை எழுந்தது. 1587இல் போர்த்துகீசியர் அதையும் அழித்தார்கள். அரசு ஆற்றில் இன்னும் மேலே ஏறி பத்து சாவாரில் உட்கார்ந்தது. கோத்தா திங்கி வழியாகப் போகிறவர்கள் பாலத்தில் வண்டியை மெதுவாக்கிப் பார்க்கலாம். பழுப்புத் தண்ணீர், கரையில் செம்பனை. மலாக்காவைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்த ஒரு தலைமறைவு அரசாங்கம் இந்த ஆற்றில்தான் மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

1603 பிப்ரவரி 25 காலையில் இதே ஆற்றின் முகத்துவாரத்தருகே, சிங்கப்பூரின் கிழக்குக் கரைக்கு அப்பால், மக்காவிலிருந்து மலாக்கா போய்க்கொண்டிருந்த சாந்தா கத்தரினா என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுத் தளபதி யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் ஜொகூரின் உதவியோடு பிடித்தார். சீனப் பட்டு, பீங்கான், சர்க்கரை. ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போட்டபோது 30 லட்சம் கில்டருக்கு மேல் வந்தது. முந்தைய வருடம் தொடங்கியிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொத்த மூலதனத்தில் ஏறக்குறைய பாதி! இது கடற்கொள்ளை இல்லையா என்று ஹாலந்திலேயே கேள்வி எழுந்தது. நியாயப்படுத்தி எழுதித் தரக் கம்பெனி பிடித்த ஆள் ஹியூகோ குரோஷியஸ், இருபத்தோரு வயது வக்கீல். ஜொகூர் ராஜா இறையாண்மை உள்ளவர், போர்த்துகீசியர் அவருக்கு அநியாயம் செய்தார்கள், நண்பனின் போரில் துணை நின்றது சட்டப்படி சரி என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அந்தப் பெரிய நூலின் ஓர் அத்தியாயம் 1609இல் 'மாரே லிபெரும்', சுதந்திரக் கடல், என்று தனியாக வெளிவந்தது. இன்று சர்வதேசச் சட்டம் படிக்கும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஜொகூர் ஆற்றுவாயில் பிடிபட்ட ஒரு கப்பல்தான் அதற்குக் காரணம் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. திருப்புமுனை என்றால் அது எங்கேயோ ஐரோப்பாவில் நடக்கும், நமக்கு வந்து சேரும் என்றுதானே பழகியிருக்கிறோம்.

டச்சுக்காரர்களோடு அந்த நட்பை வளர்த்தவர் ராஜா போங்சு, சுல்தானின் தம்பி, ராஜா அப்துல்லா என்றும் பெயர். செஜாரா மெலாயுவின் முன்னுரைப்படி 1612இல் "பின்னால் வருகிறவர்கள் அறிய எழுதுங்கள்" என்கிற பொருளில் ஆணையிட்டவரும் இதே ஆள்தான். ஆணையை ஏற்றதாகச் சொல்லப்படுபவர் பெண்டாஹாரா துன் ஸ்ரீ லானாங். கொல்லப்பட்ட துன் முத்தாஹிரின் அதே பெண்டாஹாரா குலம்.

இதை மனசில் வைத்துக்கொண்டு மெண்டெலியார் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். அது ஒரு நாட்டின் வீழ்ச்சிக் கதை மட்டும் இல்லை. தன் குலத்துப் பெரியவரைச் சுல்தான் விசாரிக்காமல் கொன்றதை, அந்தச் சுல்தானின் வாரிசு கேட்டதன் பேரில், அவர்கள் அரண்மனையிலேயே உட்கார்ந்து ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ராஜாவை நேரடியாகக் குறைசொல்ல முடியாத இடத்தில் கோள் சொன்ன வணிகர்கள் தேவைப்பட்டிருப்பார்கள். அவர்கள் இல்லாமல் அந்தக் குற்றச்சாட்டை எழுதியே இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே நூலின் தொடக்கத்தில் கெலிங் நாட்டு ராஜா சூரான் வருகிறார், சோழ நினைவின் நிழல் போல. படையெடுத்து வந்து ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கருங்கல் கோட்டை ஒன்றை வெல்கிறார். கண்ணாடிப் பேழையில் கடலுக்கடியில்கூடப் போய்வருகிறார். மலாய் அரச வம்சத்தின் முன்னோரில் ஒருவராக அவரை வைக்கிறது நூல். நம் மேடைகளில் இந்தப் பகுதியை விரும்பி எடுத்துப் பேசுவார்கள். அரசன் வரும் பக்கத்தை நாம் எடுத்துக்கொண்டோம், வணிகன் வரும் பக்கத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முழு நூல் அப்படியே கிடக்கிறது. 1840 வாக்கில் அதைச் சிங்கப்பூரில் அச்சில் கொண்டுவந்த முன்ஷி அப்துல்லாவின் பரம்பரையிலும் தமிழும் அரபும் கலந்திருந்தன.

அந்த மாணவிக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. மெண்டெலியார் செத்த பிறகுதான் வெள்ளைக்காரன் வந்தான், போய் நூலைப் படி என்றேன். "அப்ப ஏன் சார் புக்குல ரெண்டையும் ஒண்ணாப் போட்டிருக்காங்க?" என்றாள்.

நூலுக்கு ஆணை பிறந்த மறு வருடம், 1613இல், அச்சேவின் இஸ்கண்டார் மூடா பத்து சாவாரைத் தாக்கினார். ராஜா போங்சுவும் துன் ஸ்ரீ லானாங்கும் அச்சேவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போங்சு இஸ்கண்டார் மூடாவின் தங்கையை மணந்து ஜொகூருக்குச் சுல்தானாகத் திரும்பினார். டச்சுக்காரர்களும் ஜொகூரும் சேர்ந்து மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது 1641 ஜனவரியில்; அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பிடித்த பிறகு மலாக்காவைச் சுல்தானுக்குத் திருப்பித் தரவும் இல்லை. துன் ஸ்ரீ லானாங் ஜொகூருக்குத் திரும்பவே இல்லை. அவருடைய கல்லறை அச்சேவின் சமலாங்காவில் இருக்கிறது.