அம்பாசடர் எஞ்சினில் குளிர்நீர்க் கசிவு

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர் காரில், குறிப்பாக அதன் 1,489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சினில், அடிக்கடி தலைகாட்டும் கோளாறு இது. ‘வண்டி தண்ணி குடிக்குது’ என்பார்கள் ஓட்டுநர்கள்.

எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு; ரேடியேட்டரோ ஈயத்தால் பற்றவைத்த செம்பும் பித்தளையும். வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனையும்போது அரிப்பு வருகிறது. உப்பு அதை விரைவுபடுத்தும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் அவசரத்துக்கு உவர்நீரை ஊற்றி ஓட்டினால், பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள டம்மி பிளக்குகள் எனும் அடைப்புத் தகடுகள் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும். வெளியே உப்புக்காற்று ஓஸ் கிளிப்புகளைத் தின்னும்.

கசிவை எஞ்சின் ஆறிய பிறகே தேட வேண்டும். அழுத்தத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்த கணமே பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். ஓஸ் முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் கசிவு அங்கேதான். ‘வாட்டர் பாடி’ எனப்படும் நீர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்ததும் அதன் வழியாகச் சொட்டும். அதற்காகவே வைத்த துளை அது. எம்-சீல் வைத்து அதை அடைப்பது பெருந்தவறு: நீர் பேரிங்கில் இறங்கி, பேரிங் ஆட்டம் கண்டால், அதே தண்டில் சுழலும் ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

வெளியே ஈரமே இல்லாமல் நீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் குச்சியில் பால் கலந்த டீயின் நிறம், ரேடியேட்டர் வாயில் ஓயாத குமிழிகள், சைலன்சரில் நிற்காத வெண்புகை ஆகியவை அதன் அடையாளங்கள். கேஸ்கெட்டை மாற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என நேர்சட்டம் வைத்துப் பார்த்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முறுக்க வேண்டும்.

நடுவழியில் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டுவது பழைய கைவைத்தியம். பட்டறை வரை வண்டியைக் கொண்டு சேர்க்கலாம், அவ்வளவே. பிறகு அலசாமல் விட்டால் மெல்லிய குழாய்கள் அடைபட்டு, கம்பி விட்டுத் தூரெடுக்க வேண்டிவரும்.

பழுது தீர்ந்தபின் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதே நல்லது. நீர் உறையாத நம் ஊரில் கூலண்டின் முதல் வேலை அரிப்பைத் தடுப்பது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாய்கள் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். வடித்த பழைய கூலண்டைத் திறந்த சட்டியில் வாசலில் விடக்கூடாது.